உங்களுக்குத் தெரியுமா? அணைத்த பிறகும் பேசும் கார்!

காரைக்குடிப் பக்கம் முகூர்த்த நாள் வந்தால் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்த் தெருக்களில் வெளியூர்க் கார்கள் வரிசைகட்டி நிற்கும். அதில் ஒன்றிரண்டு புது ஸ்போர்ட்ஸ் காராகவும் இருக்கும். ஓட்டிவந்தவர் இஞ்சினை அணைத்துவிட்டுப் பந்திக்குப் போயிருப்பார். கார் மட்டும் ‘டிக் டிக்’, ‘உய்ங்ங்’, ‘குளுகுளு’ என்று எதையாவது சொல்லிக்கொண்டே நிற்கும். “தம்பி, வண்டியில ஏதோ சத்தம் வருது, போய்ப் பாருங்க” என்று திண்ணையிலிருந்து ஆள் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் வந்து நின்றதிலிருந்து மறுநாள் விடியற்காலை கிளம்பும்வரை அந்தக் கார் போடும் சத்தங்களை வரிசையாகப் பார்ப்போமா?

வந்து நின்றதும்

தோசைக்கல் சத்தம்
அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் ஆறும்போது ‘டிக்’ என்று சொடுக்கும். நின்ற காரின் அடியிலிருந்து வருவதும் அதே சத்தம்தான். சூட்டில் நீண்டிருந்த உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. 1 மீட்டர் நீளமுள்ள எவர்சில்வர் குழாயின் சூடு 400 டிகிரி செல்சியஸ் குறைந்தால், அதன் நீளம் 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை குறையும். சைலன்சர் குழாய், அதை மூடியிருக்கும் மெல்லிய தகடு, இரண்டையும் பிடித்திருக்கும் கிளாம்பு எல்லாம் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. ஒன்று சுருங்கி இழுக்கும், இன்னொன்று விடாமல் பிடித்திருக்கும். பிடி நழுவும் ஒவ்வொரு முறையும் ஒரு ‘டிக்’. முதலில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் கேட்டால் கவலையே வேண்டாம்.

புல்லட்காரருக்குப் பழகிய பாட்டு
புல்லட் பைக்கைத் தயாரித்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் உருவானது 1955-ல். அன்று முதல் புல்லட் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த ‘டிக் டிக்’ புதிதே அல்ல. காற்றில் ஆறுவதற்காகவே மடிப்பு மடிப்பாக வார்க்கப்பட்ட அதன் சிலிண்டர், நிறுத்தியதும் பேச ஆரம்பித்துவிடும். புது ஸ்போர்ட்ஸ் காரில் சூடும் அதிகம், தகடுகளும் அதிகம். அதனால் பேச்சும் அதிகம்.

அரை மணி நேரக் காவல்
அணைத்து வைத்த காரின் காற்றாடி திடீரென்று தானாகச் சுழல்கிறதா? போர்ஷே கார்களின் கையேட்டிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. இஞ்சினை அணைத்த பிறகும் சுமார் 30 நிமிடம்வரை இஞ்சின் அறையின் சூட்டைக் கார் கண்காணித்துக்கொண்டிருக்கும். சூடு ஏறினால், நின்றிருந்த காற்றாடிகூட மறுபடி சுழலும். 911 மாடலில் இஞ்சின் பின்னால், ரேடியேட்டர்கள் முன்னால். ஆகவே சத்தம் இரண்டு பக்கமும் கேட்கலாம். கார் நின்றுவிட்டதே என்று காற்றாடிப் பக்கம் விரலைக் கொண்டுபோக வேண்டாம்.

அணைத்த பிறகுதான் சூடு ஏறும்!
விந்தையாக இருக்கிறதா? ஓடும்போது கூலன்ட் சுற்றிவந்து சூட்டை இஞ்சினிலிருந்து அள்ளிக்கொண்டு போகும். அணைத்ததும் அந்தச் சுற்று நின்றுவிடும். சுற்றியுள்ள உலோகத்தில் தேங்கிய சூடு, நின்றுபோன கூலன்டுக்குள் இறங்கும். அதனால் முதல் சில நிமிடங்களுக்குக் கூலன்டின் சூடு கூடத்தான் செய்யும். சித்திரை வெயிலில் காரைக்குடிக்கு வந்து சேரும் காரின் காற்றாடி, மார்கழியில் வந்ததைவிடக் கூடுதல் நேரம் ஓடுவது, இந்தச் சூடு வெளிக்காற்றின் வெப்பத்தில் மெதுவாக ஆறுவதால்தான்.

பந்தயக் குதிரைக்கும் இதே வைத்தியம்
செட்டிநாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஏ.எம். ராமசாமி பந்தயக் குதிரைகளுக்குப் பேர்போனவர். ஓட்டம் முடிந்த குதிரையை உடனே லாயத்தில் கட்டமாட்டார்கள். மெல்ல நடக்கவிட்டு, மூச்சும் சூடும் இறங்கிய பிறகுதான் கட்டுவார்கள். டர்போ வைத்த காருக்கும் அதே பக்குவம் நல்லது. ஊர் எல்லைக்கு வந்ததும் கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினாலே போதும். வாசலில் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட வேண்டியதில்லை.

மெல்லிய ‘உய்ங்ங்’
டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழலும் சின்னச் சக்கரம். நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை போகக்கூடியது. அதன்மேல் பாயும் புகையின் சூடு, பெட்ரோல் காரில் 900 டிகிரியைத் தாண்டும். இவ்வளவு சூட்டோடு அப்படியே விட்டால், அச்சைச் சுற்றியுள்ள ஆயில் கருகிவிடும். அதற்காகப் பல கார்களில் மின்சாரத்தில் ஓடும் சின்னக் கூலன்ட் பம்ப் ஒன்று உண்டு. இஞ்சின் நின்ற பிறகும் சில நிமிடம் அது தன் வேலையைச் செய்யும். பானட் பக்கம் காதை வைத்தால் மீன்தொட்டி மோட்டார் போல மெல்லிய சத்தம் கேட்பது அதனால்தான்.

‘குளுகுளு’
கூலன்ட் டப்பாவுக்குள் குமிழியிடும் சத்தம் இது. சூட்டில் விரிந்த கூலன்ட் டப்பாவுக்கு ஏறுகிறது, ஆறியதும் திரும்புகிறது. மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் நிற்கும் திரவம் அது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், பிரஷர் குக்கரை விசில் அடங்கும் முன் திறந்த கதைதான்.

‘உஸ்ஸ்ஸ்’
ஏ.சி. ஓடும்போது குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் கூடுதல், மறுபக்கம் குறைவு. கம்ப்ரஸர் நின்றதும் வாயு நெரிசலான பக்கத்திலிருந்து காலியான பக்கத்துக்கு ஓடிச் சமமாகும். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து அரை நிமிடம் வரும் சீறல் அது. கூடவே அடியில் சொட்டும் தண்ணீர், ஏ.சி. பிழிந்தெடுத்த காற்றின் ஈரம். ஆத்தங்குடித் தளத்தில் சொட்டினாலும் கறை படியாது!

கடைசிக் குலுக்கல்
அணைத்த கணத்தில் ‘கடக்’ என்று ஒரு குலுக்கல். ஊஞ்சல் நிற்பதற்கு முன் ஒருமுறை பின்னால் போய் வருவதைப் போல, பிஸ்டன் தன் கடைசிக் காற்றை அமுக்க முடியாமல் சற்றே பின்னோக்கித் திரும்பும். பல கார்களில் ஃப்ளைவீல் ஒற்றைச் சக்கரம் அல்ல. நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டாகப் பிரித்த சக்கரம். ஐடிலிங்கை விடக் குறைந்த வேகத்தில் அந்த ஸ்பிரிங்குகள் ஒருமுறை ஆடி அடங்கும். தடவைக்கு ஒரு ‘கடக்’ இயல்பு. நாளுக்கு நாள் அது கூடினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

‘ஸ்ஸ்ர்ர்’ என்று ஒரு மோட்டார்
அணைத்து ஐந்தாறு நொடி கழித்து, பொம்மை ரயில் போல ஒரு சின்ன மோட்டார் சத்தம் கேட்கும். இஞ்சினுக்குள் காற்றை விடும் கதவையோ, டர்போவின் வழிமாற்றுக் கதவையோ கம்ப்யூட்டர் ஒருமுறை முழுக்கத் திறந்து மூடிப் பார்க்கிறது. ராத்திரி கடையைச் சாத்தும்போது பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி.

நடுராத்திரியில்

1 மணிக்கு யார் அங்கே?
ராத்திரி 8 மணிக்கு நிறுத்திய கார், எல்லோரும் தூங்கிய பிறகு 1 மணிக்குத் தானாக முனகினால் திக்கென்றுதான் இருக்கும். பேய் பிசாசு இல்லை, பெட்ரோல் ஆவிதான் விஷயம். அமெரிக்கா போன்ற நாடுகளின் சட்டப்படி, பெட்ரோல் ஆவி டாங்கிலிருந்து கசிகிறதா என்று காரே சோதித்துக்கொள்ள வேண்டும். கார் நன்றாக ஆறியிருந்தால்தான் சோதனை சரியாக வரும். ஆகவே சில டொயோட்டா மாடல்கள், அணைத்துச் சுமார் 5 மணி நேரம் கழித்து ஒரு பம்பைச் சில நிமிடம் ஓட்டிப் பார்க்கும். கையேட்டிலேயே இதைச் சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டில் கார் வைத்திருக்கும் பிள்ளைகள் போனில் புலம்பினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

காரைக்குடிக்கும் பாட்டரிக்கும் என்ன தொடர்பு?
காற்றாடி, பம்ப், சோதனை என்று அணைத்த பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது பாட்டரிதான். வேலை முடிந்ததும் காரின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். பாட்டரியைப் பற்றிப் பேசக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் ஏது? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், பொங்கல் நாளை ஒட்டி, டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பாட்டரி ஆராய்ச்சி அங்கே இன்றும் நடக்கிறது.

விடியற்காலையில்

கதவைத் திறந்ததும் ‘ம்ம்ம்’
சாவியைத் தொடவே இல்லை, கதவைத்தான் திறந்தீர்கள். அதற்குள் பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி முனகல். பெட்ரோல் பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றித் தயாராகிறது. ஸ்டார்ட் செய்ததும் காத்திருக்கக் கூடாதே!

முதல் உறுமல்
குளிர்ந்த இஞ்சின் உயிர்பெற்றதும் ஐடிலிங் 1,200 சுற்றுக்கு மேல் எகிறி நிற்கும். அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துத்தான் 700, 800-க்கு இறங்கும். ஓட்டுபவர் பந்தா காட்டுகிறார் என்று தெரு நினைக்கும். காரணம் வேறு. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் வேலையே தொடங்கும். அதைச் சீக்கிரம் சுடவைப்பதற்காக, தீப்பொறியைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டு, சூட்டைச் சைலன்சர் பக்கம் தள்ளிவிடுகிறது கம்ப்யூட்டர். அதாவது அந்த உறுமல் காற்றைச் சுத்தமாக வைப்பதற்கான உறுமல்! இந்தியாவில் கார்ப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

மிக்ஸியா, வாக்குவம் கிளீனரா?
அதே முதல் நிமிடத்தில் சில கார்களில் ‘வூவூம்’ என்று இன்னொரு சத்தமும் சேரும். புகைப் பாதைக்குள் வெளிக்காற்றை ஊதும் பம்ப் அது. எரியாமல் வந்த பெட்ரோலுக்கு அங்கே காற்று கிடைக்கிறது, அது எரிந்து கன்வர்ட்டரைச் சுடவைக்கிறது. நமது அடுப்பு ஊதுகுழலின் மோட்டார் வைத்த தம்பி. வேலை முடிந்ததும் சட்டென்று நின்றுவிடும்.

நம் தெரு ஏன் கூடுதலாக அதிர்கிறது?
செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும். தெருவின் இருபுறமும் உயர்ந்த சுவர்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்துக் கண்ணாடி போல இழைத்த பூச்சு சத்தத்தைக் குடிக்காது, திருப்பி அனுப்பும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 346 மீட்டர் போகும். 5 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப அதற்கு ஒரு நொடியில் 35-ல் ஒரு பங்கு நேரம் போதும். இவ்வளவு சீக்கிரம் திரும்பும் ஒலியை நம் காது எதிரொலி என்று பிரித்து உணராது. மூலச் சத்தமே பெரிதாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சாதுவாகத் தெரிந்த கார் வாசலில் புலியாவது இப்படித்தான்.

45-ஐத் தாண்டலாமா?
ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணிவரை. முகூர்த்தத்துக்கு 4 மணிக்குக் கிளம்புகிற கார் இரவுக் கணக்கில்தான் வரும். உட்கார்ந்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், இஞ்சினும் சீக்கிரம் சூடாகும், அக்கம்பக்கமும் தூங்கும்.

ஐடிலிங்கில் நிற்கும்போதும் கிளம்பும்போதும்

டீசல் காரா இது?
பெட்ரோல் கார்தான், ஆனால் டீசல் போல ‘டக டக’ என்று தட்டுகிறது. பழைய கார்களில் பெட்ரோல் 3, 4 பார் அழுத்தத்தில் வெளியே தெளிக்கப்பட்டு உள்ளே போகும். இன்றைய நேரடி இஞ்ஜெக்‌ஷனில் 200, சிலவற்றில் 350 பார் அழுத்தத்தில் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. நான்கு சிலிண்டர் கார் 800 சுற்றில் ஐடிலிங்கில் நின்றால், இஞ்ஜெக்டர்கள் எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்குக் குறைந்தது 1,600 முறை திறந்து மூடுகின்றன. நொடிக்கு 26 தட்டு! தையல் மெஷின் சத்தம் கேட்பதில் ஆச்சரியம் என்ன?

விட்டு விட்டு ‘டொக் டொக்’
டாங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியைக் கரித்தூள் நிரப்பிய டப்பா ஒன்று பிடித்து வைக்கும். இஞ்சின் ஓடும்போது அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரித்துவிடுவார்கள். அதற்கான சின்ன வால்வு திறந்து மூடும் சத்தம்தான் இது. தொடர்ந்து கேட்கும், நிற்கும், மறுபடி வரும்.

சென்னையில் பூட்டிய சிங்கம்
பி.எம்.டபிள்யூ-வின் சென்னைத் தொழிற்சாலை 2007-ல் தொடங்கியது. இந்தியாவிலேயே பூட்டப்பட்ட அதன் எம்340ஐ மாடல் 2021 மார்ச்சில் அங்கிருந்துதான் வந்தது. அதில் ஒரே வரிசையில் 6 சிலிண்டர்கள். 700 சுற்றில் நிமிடத்துக்கு 2,100 முறை எரிகிறது. அவ்வளவும் சம இடைவெளியில். ஒற்றைச் சிலிண்டர் புல்லட்டோ 900 சுற்றில் 450 முறைதான் எரிகிறது. ஒன்றில் வீணைத் தந்தி போன்ற ரீங்காரமும் மற்றொன்றில் எண்ணிவிடக்கூடிய ‘டுப் டுப்’பும் வருவது இந்தக் கணக்கால்தான்.

தாளம் தப்புவது போல
ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.யில் 8 சிலிண்டர், பக்கத்துக்கு நான்காக. மொத்தத்தில் எரிவது சம இடைவெளியில்தான். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் இடைவெளி ஏறியிறங்கும். அந்தப் பக்கத்துச் சைலன்சரில் ‘படபட, பட, படபட’ என்று வருவதற்கு அதுவே காரணம். இஞ்சின் ‘மிஸ்’ ஆகிறது என்று பயப்பட வேண்டாம். நிஜமாகவே மிஸ் ஆனால் கார் குலுங்கும், மஞ்சள் விளக்கும் எரியும்.

பந்தயக் காரின் ‘ஈஈஈ’
சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் கார் பந்தயம் நடந்த காலம் உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி போர்ஷே காரோடு தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. இப்படிப்பட்ட பந்தயக் காரின் உள்ளே எடுத்த வீடியோவில் கேட்கும் ‘ஈஈஈ’ ஓலம் பெரும்பாலும் கியர்பாக்ஸுடையது. சாலைக் கார்களில் கியர்ப் பற்கள் சாய்ந்திருக்கும், ஒன்றோடொன்று வழுக்கிச் சேரும். பந்தயத்தில் வலுவுக்காக நேராக வெட்டிய பற்களை வைப்பதால் ஒவ்வொரு பல்லும் மோதும்.

கிளம்பியதும் ஒரு ‘டுக்’
10, 15 கிலோமீட்டர் வேகம் எட்டியதும் காலடியில் ஒரு முட்டல். ஏ.பி.எஸ். பிரேக் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ஒருமுறைதான். பிறகு காரை அணைத்து மறுபடி எடுக்கும்வரை மூச்சுவிடாது.

எப்போது பயப்பட வேண்டும்?

ஆயில் விளக்கு எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், சத்தத்தை ஆராய நேரமில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஆழத்திலிருந்து ‘டங் டங்’ என்று கூடிக்கொண்டே போவது, ஸ்டார்ட் செய்து சில நொடிகள் ஆகியும் அடங்காத சங்கிலிச் சலசலப்பு, இனிப்பு வாசனையோடு வரும் ஆவி, உலோகத்தோடு உலோகம் உரசும் கீச்சல், மணிக்கணக்காக நிற்காமல் ஓடும் காற்றாடி: இவை கையேட்டில் இருக்கும் சத்தங்கள் அல்ல. ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டியவை.

பானையைத் தட்டிப் பார்ப்பது போல
சந்தையில் மண்பானை வாங்கும் ஆச்சி, சுண்டிப் பார்த்துக் காதைக் கொடுப்பார். நல்ல பானை எப்படிக் கேட்கும் என்று அவருக்கு முன்பே தெரிவதால்தான் விரிசல் விழுந்த பானை பிடிபடுகிறது. காருக்கும் அதையே செய்யலாம். வாங்கிய புதிதில், எல்லாம் நன்றாக இருக்கும்போதே, காலை முதல் ஸ்டார்ட்டையும் அணைத்த பிறகு வரும் ஐந்து நிமிடத்தையும் செல்போனில் பதிந்து வையுங்கள். ஓராண்டு கழித்துச் சந்தேகம் வந்தால், அதே இடத்தில் நிறுத்தி மறுபடி பதிந்து, இரண்டையும் மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டுங்கள். “ஏதோ சத்தம் வருதுண்ணே” என்று சொல்வதைவிட அவருக்கு அது பத்து மடங்கு உதவும்.